மாரிச்செல்வி அக்காவின் நாற்பது குதிரைகள்

என் அக்கா மாரிச்செல்விக்கு நானூற்றுப் பன்னிரண்டு குதிரைகள் இருந்தன. ஒன்றைக்கூட அவள் தொட்டுப் பார்த்ததில்லை. எல்லாம் போனுக்குள் இருந்தன.

இராமநாதபுரத்தில் ஒரு தனியார் இ-சேவை மையத்தில் அவளுக்கு வேலை. வருமானச் சான்று, சாதிச் சான்று, பயிர்க் காப்பீடு என்று நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டுக்காரர் பாண்டித்துரை மச்சான் தொண்டி பஸ்ஸில் கண்டக்டர். ஒரே மகள் மதுமதி ஆறாம் வகுப்பு. நான் வசந்தகுமார், ஒன்பது வருஷமாகச் சிங்கப்பூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். விபத்து நடப்பதற்கு முன்னாலேயே அதை நினைத்துக் கவலைப்படுவதுதான் என் வேலை. அங்கே அதற்குச் சம்பளம் உண்டு. அக்கா விஷயத்தில் சும்மாவே செய்கிறேன்.

கொரோனா சமயத்தில் மையத்தைப் பூட்டியிருந்தபோது மதுமதிக்காக இறக்கிக் கொடுத்த விளையாட்டு அது. குதிரை வளர்க்க வேண்டும், இனம் சேர்க்க வேண்டும், குட்டிகளைப் போட்டியில் ஓடவிட்டு மதிப்பெண் ஏற்ற வேண்டும். மது இரண்டே வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிட்டாள். அக்கா பிடித்துக்கொண்டாள். புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் இலவசமாக ஒரு சாதாரணப் பெட்டைக் குதிரை தருவார்கள். பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளை. பழகினவர்கள் அதை முதல் வாரத்திலேயே கழித்துவிட்டு நல்ல இனமாகப் பார்த்துப் போவார்கள். அக்கா அதற்கு எங்கள் குலசாமி ராக்காச்சியின் பெயரை வைக்க நினைத்தாள். முழுசாக வைக்கப் பயந்து ராக்கு என்று வைத்தாள். அந்தச் சாதாரணக் குதிரையிலிருந்தே ஆறு தலைமுறை வளர்த்தாள். நமக்கு இரண்டு மாதம் என்றால் அங்கே குதிரைக்கு ஒரு வயது.

ஆறாம் தலைமுறையில் உலகம்மாள் பிறந்தது. சாம்பல் உடம்பு, கருப்புப் பிடரி. அந்த வருஷம் போட்டியில் அதுதான் முதல். பின்லாந்திலிருந்து ஓர் அம்மாள் அதைக் கேட்டு மூன்று முறை கடிதம் போட்டார். அக்காவுக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுவது நான்தான். "இலவசக் குதிரையிலிருந்து எப்படி இதைக் கொண்டுவந்தீர்கள்?" என்று அவர் கேட்டிருந்தார். அக்கா சொன்ன பதில்: "பொறுமையா வந்துச்சுன்னு எழுதுலே."

பெயர் வைப்பதில் அவள் எங்கள் வீட்டு வழக்கத்தை விடவில்லை. எங்கள் பக்கம் தாத்தா பெயர் பேரனுக்கு, பாட்டி பெயர் பேத்திக்கு. அதே கணக்கில் ராக்குவின் மகள் உலகம்மாள், உலகம்மாளின் மகள் ராக்கு, அதன் மகள் மறுபடி உலகம்மாள். இப்படியே கிளை பிரிந்து ஒரு கட்டத்தில் பதினோரு ராக்குவும் ஒன்பது உலகம்மாளும் லாயத்தில் நின்றார்கள். மற்றவர்கள் பெயருக்குப் பின்னால் எண் போடுவார்கள்.

"நீயும் நம்பர் போடுக்கா."

"நம்பர் போட்டா அது குதிரையா? ஒங்க மச்சான் பஸ்ஸு மாதிரில்ல ஆயிரும். எனக்கு மூஞ்சி தெரியும்."

முகம் தெரிந்தவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குத் தீவனம், தண்ணீர், பிரஷ், லாயச் சுத்தம் என்று நான்கு பொத்தான் அழுத்த வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டுக்கு எத்தனை என்று நான் ஒருநாள் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பயந்துபோனேன். அந்த விளையாட்டில் ஆள் உள்ளே இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். நானும் ஒரு கணக்கு வைத்திருந்தேன், குதிரைக்காக இல்லை, அந்தப் புள்ளிக்காக. ஊரில் விடியற்காலை நாலு மணி இருக்கும்போதே அது எரியும். ஏழு மணிக்கும் எரியும். மதியம் சாப்பாட்டு நேரத்திலும் எரியும்.

"ஒரு நாள் விட்டா என்னக்கா? சாகாது. மதிப்பெண்தான் குறையும்."

"பசிக்கும்ல."

"அக்கா, அது படம்."

"எனக்குத் தெரியாதா? நீ பெரிய இஞ்சினியரு."

மச்சானிடம் கேட்டால் அவர் பாணியில் சொல்வார். "மாப்ள, வீட்ல நாங்க ரெண்டு பேரு இருக்கோம், எங்களுக்கு மதிப்பெண் இல்ல. அதான் சோறு லேட்டு." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கடைசியாகப் பேசியபோது அவர் சிரிக்கவில்லை. "கையில பட்டி கட்டியிருக்கா மாப்ள. மணிக்கட்டு வீங்கிப்போச்சு. இடது கையால அழுத்துறா."

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும் வாரம் மையத்தில் நிற்க இடமிருக்காது. அந்த வாரத்தில்தான் அது நடந்தது. திருவாடானைப் பக்கத்து விவசாயி ஒருவர் சிட்டா, அடங்கல் எல்லாம் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்து நிமிஷம் ஆயிற்று. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருக்கும் மலிகா எட்டிப் பார்த்து, "செல்வி, என்னத்தத் தேடுற?" என்று கேட்டிருக்கிறாள்.

"தீவனத்த எங்கன வச்சுருக்கான்னு தெரியலடி" என்றாளாம் அக்கா.

மலிகா அவளை எழுப்பித் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அந்த விவசாயியின் விண்ணப்பத்தைத் தானே போட்டு முடித்தாள். அன்று சாயங்காலம் அக்காவே எனக்குப் போன் செய்து இதைச் சொன்னாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அழிச்சுப்புடவாலே, கணக்கையே?"

சரி என்று சொல்ல வாய் வரை வந்தது. மாதக்கணக்காக நான் வேண்டிக்கொண்டிருந்ததும் அதுதான். ஆனால் அவள் கேட்ட தொனி சரியில்லை. "கொஞ்சமா வச்சுக்கக்கா. ஒரு நாப்பது. அரை மணி நேரத்துல முடியிற மாதிரி."

"நாப்பது" என்றாள். "ராக்கு இருக்கணும். மொத ராக்கு. அது இருந்தாப் போதும், மத்தது எதுன்னாலும் சரி."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தோம். அவளுக்குக் கை முடியாததால் கடவுச்சொல்லை எனக்குக் கொடுத்திருந்தாள். அவள் பட்டியலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் இங்கிருந்து அழுத்த வேண்டும். எப்படிப் பிரிப்பது என்பதற்கு அவளிடம் ஒரே முறைதான் இருந்தது. எங்கள் வீட்டில் மிளகாய் காயப்போட்டுப் பிரிப்போம். முதல் தரம், இரண்டாம் தரம், வெளுத்துப்போன சண்டு வத்தல். மூன்று குவியல். பிரிக்கும்போது யோசிக்கக் கூடாது, கை தானாகப் போக வேண்டும். யோசித்தால் எல்லாமே முதல் தரமாகத் தெரியும். சின்ன வயதில் அக்காவைவிட வேகமாகப் பிரிக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

"நான் சொல்லச் சொல்ல அமுக்கு. கேள்வி கேக்காத. நீ கேட்டேன்னா நான் எல்லாத்தையும் வச்சுக்கிருவேன்."

"கேக்கல."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

சண்டில் போனதெல்லாம் பொது மேய்ச்சலுக்குப் போகும். அங்கிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். திரும்பக் கேட்க முடியாது. பெயர், வயது, மதிப்பெண் என்று அவள் படித்தாள், நான் அழுத்தினேன். நூறு தாண்டியதும் அவள் குரல் இலேசாகிவிட்டது. நடுவில் மதுமதியிடம் காப்பி கேட்டாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள். நானும் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைப்பதற்கில்லை.

"ராக்கு. எட்டு வயசு, ஐநூத்திப் பத்து. சண்டு. உலகம்மா. அஞ்சு வயசு, எழுநூறு. ரெண்டாந் தரம். ராக்கு. இருபத்திநாலு வயசு, நூத்திப் பன்னெண்டு. சண்டு."

என் விரல் நின்றது. இருபத்து நான்கு வயதில் எத்தனை ராக்கு இருக்கும்? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பிறந்ததுதானே. படத்தைத் திறந்து நெற்றியைப் பார்த்திருக்கலாம்.

"அமுக்கிட்டியா?"

அவளே சொல்கிறாள், பட்டியலை அவள்தான் பார்க்கிறாள், வேறு ஏதோ ஒன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் எல்லாம் நின்றுவிடும் என்பதுதான் நிஜமான காரணம்.

"அமுக்கிட்டேன்."

நாற்பது மிச்சம். காலி லாயங்களையும் அப்போதே ஒப்படைத்துவிட்டோம், இடம் இருந்தால் மறுபடி நிரப்புவாள் என்று. ஒப்படைத்ததைத் திரும்பப் பெற வேண்டுமானால் மாதக்கணக்கில் போட்டிகளில் ஓட வேண்டும்.

மூன்று நாள் அக்கா நன்றாகத் தூங்கினாள். நான்காம் நாள் காலை பின்லாந்து அம்மாளுக்கு அனுப்ப உலகம்மாளின் வம்சப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். எல்லாப் பெயர்களுக்கும் அடியில் இருந்த முதல் ராக்குவின் பெயர், லாயத்தில் இல்லாத குதிரையாக மங்கிக் கிடந்தது.

போனில் அவள் கத்தவில்லை. "பதினோரு பேரும் ராக்கு. நான் மூஞ்சியப் பாக்கல, பட்டியலத்தான் பாத்தேன்" என்றாள். பிறகு, "நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "சந்தேகமா இருந்துச்சுக்கா. கேக்கக்கூடாதுன்னு சொன்னயேன்னு விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் எடுக்கவில்லை. மச்சானுக்குப் போட்டேன். "குடும்பத்துக்குள்ள குதிரையால சண்டை வந்த மொத ஆளுக நீங்கதான் மாப்ள. இருந்துட்டுப் பேசு" என்றார்.

மூன்றாம் நாள் அவளாகவே கூப்பிட்டாள். ராக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். போலந்தில் யாரோ புதிதாகச் சேர்ந்த ஆள் எடுத்திருந்தார். மொத்தம் மூன்றே குதிரை. ராக்குவுக்குக் குக்கீ என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்.

"பிஸ்கட்டு பேருலே" என்றாள். "ஒரு லெட்டர் எழுது. தெரியாம நடந்துபோச்சு, அதுக்குப் பதிலா நல்ல குதிரையா ரெண்டு தாரோம்னு எழுது."

எழுதி அவளுக்கு மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். அனுப்பவா என்று கேட்டபோது அவள் அந்த ஆளின் லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தீவனம் நூறு, தண்ணி நூறு. பிரஷ் போட்டுருக்கு. நான் அதுக்குப் பிரஷ் போட்டு ரெண்டு மாசமாச்சு. கெழடுதானேன்னு கடைசில வச்சு, கடைசி வர்றதுக்குள்ள வேலைக்கு நேரமாயிரும்." பிறகு சொன்னாள்: "அனுப்பாத. இருந்துட்டுப் போகட்டும்."

நாற்பதுக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அக்கா அதற்குப் பிறகும் பத்து நிமிஷம் உள்ளேயே இருந்தாள். போலந்து லாயத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு. இரண்டு வாரம் அங்கே எல்லாம் நூறாக இருந்தது. பதினைந்தாம் நாள் எண்பது. அடுத்த நாள் அறுபது. அந்த ஆளின் புள்ளி எரியவில்லை. புதிதாக வருகிறவர்கள் இப்படித்தான் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள், எங்கள் மதுமதி மாதிரி.

இப்போது கடிதத்தை அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். அடுத்தவர் லாயத்தில் குதிரைக்குத் தீவனம் போட அந்த விளையாட்டில் வழி இல்லை. நாற்பது, இருபது, சுழியம் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணிக்கட்டு வீக்கம் வடிந்திருந்தது, ஆனால் சோறு இறங்கவில்லை என்று மச்சான் சொன்னார். "மூணு பேருக்கு ஆக்குறா, ரெண்டு பேரு திங்கிறோம்."

ஒரு ஆள் இருபத்தோரு நாள் உள்ளே வராவிட்டால் அவர் குதிரைகள் தானாகப் பொது மேய்ச்சலுக்கு வந்துவிடும். அது விளையாட்டின் விதி. அந்த நாள் வந்தது. காலை ஆறு மணிக்கு முன்னாலேயே அக்கா கூப்பிட்டாள்.

"வந்துருச்சு. நிக்கிது."

"எடுத்துருக்கா."

"எங்கன வைக்கிறது? நாப்பதும் ரொம்பியிருக்கு."

ஒன்றை வெளியே விட்டால்தான் ஒன்று உள்ளே வரும். நாற்பதில் கீழாக இருப்பது எது என்று நான் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று, நான்கு பெயர் சொன்னேன். எதுவும் வேண்டாம் என்றாள்.

"உலகம்மாவ அந்தப் பின்லாந்து அம்மாவுக்குக் குடுத்துரு."

"அக்கா. அது முதல் தரம். ஆறு தலைமுறை."

"அதான் சொல்றேன். நீ சொன்னதெல்லாம் மேய்ச்சலுக்குப் போனா எவன் எடுப்பான், எத்தன நாள் வச்சுப் பாப்பான்? அந்தம்மா மூணு தடவ கேட்டுருச்சு. அது பாத்துக்கும்." பிறகு மெதுவாக, "அது இருக்கங்காட்டியும் நான் போட்டிக்குப் போகத்தான் செய்வேன். போனா இன்னொரு குட்டி போட வைப்பேன். எனக்கு என்னையத் தெரியும்."

"ராக்குக்கு இன்னும் ஒரு வருஷம் கூட ஆயுசு இல்லக்கா."

"தெரியும். நீ லெட்டர எழுது."

இந்த முறை நான் கேட்டேன். "நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சுட்டேன்லே. அமுக்கு."

அழுத்தினேன். உலகம்மாள் போயிற்று. அக்கா ராக்குவை எடுத்தாள். வைத்த பெயரை இரண்டாம் முறை மாற்ற முடியாது என்று திரையில் வந்தது. அதைத் தமிழில் சொன்னேன்.

"குக்கீன்னே இருக்கட்டும்" என்றாள். "நீ போன வையி. தண்ணி காட்டணும்."