உப்பு பன்னும் குறிஞ்சிப்பாடி சம்பந்தமும்

ஒரு பன்னால் என் கல்யாணம் நின்றுபோனது. வரதட்சணையால் நின்றது, ஜாதகத்தால் நின்றது, மாப்பிள்ளை குடிகாரன் என்று தெரிந்து நின்றது என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேக்கரிச் சரக்கால் நின்றது எனக்குத்தான். அந்தக் கதையைச் சொல்லும்போது சிதம்பரத்துக் கடைக்காரர்கள் சிலரைத் திட்ட வேண்டியிருக்கும். திட்டாமல் சொல்ல எனக்குத் தெரியாது.

என் ஊர் கடலூர். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பேக்கரி இருந்தது. புதுச்சேரியில் தொழில் கற்று வந்தவர் நடத்தியது. அங்கே சாயங்காலம் நாலு மணிக்கு உப்பு பன் வரும். உள்ளங்கை அளவுதான். மேல்தோல் நன்றாகச் சிவந்து மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே பஞ்சு. சர்க்கரை கிடையாது, தேங்காய்ப்பூ கிடையாது, மேலே பளபளவென்று எதையும் தடவுவதும் கிடையாது. டீயில் தோய்த்தால் ஊறும், ஆனால் அறுந்து கிளாஸுக்குள் விழாது. பத்து வயதிலிருந்து அதைத் தின்றவன் நான். பன் என்றாலே அதுதான் என்று நம்பி வளர்ந்தேன்.

சுனாமி வந்ததற்கு மறு வருஷம் சிதம்பரத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க் வேலை கிடைத்தது. தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமை அந்த பேக்கரிக்கு லீவு. என் தலையெழுத்தைப் பாருங்கள். சரி, இவ்வளவு பெரிய ஊரில் ஒரு பன் கிடைக்காமலா போய்விடும் என்று தேட ஆரம்பித்தேன்.

கிடைத்ததை எல்லாம் பன் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை. கையில் எடுத்தால் விரல் ஒட்டும். கடித்தால் பல் கூசும். நடுவே சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கும், கேட்டால் செர்ரி என்பார்கள். களாக்காயைச் சாயத்தில் முக்கி எடுத்துவிட்டு அதற்குச் செர்ரி என்று ஒரு பெயர். ஒரு கடையில் பன்னை இரண்டாகப் பிளந்து உள்ளே டால்டாவைத் தடவி, அதன்மேல் சர்க்கரையையும் தூவிக் கொடுத்தார்கள். பால்குடி மறக்காத குழந்தைகூட அதைத் துப்பிவிடும். அதை ஒரு பேராசிரியர் நின்று நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆனாலும் விடவில்லை. ஆபீஸ் விட்டதும் ஒரு நாளைக்கு ஒரு வீதி என்று கணக்கு வைத்துக்கொண்டு, கீழ வீதி, மேல வீதி, வடக்கு வீதி, பஸ் ஸ்டாண்ட், அண்ணாமலை நகர் என்று பேக்கரி, மளிகை, பெட்டிக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். இனிப்பே இல்லாத பன் இருக்கிறதா? லேசாகக்கூட இனிப்பு இருக்கக்கூடாது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யாருக்கு சார் என்று கேட்பார். எனக்குத்தான் என்பேன், கொஞ்சம் பெருமையாகவே.

அங்கேதான் என் புத்தி கெட்டுப்போனது. எங்கள் பக்கத்தில் உடம்பு நன்றாக இருப்பவன் பன் தின்றால் அதில் இனிப்பு இருக்கும், கிரீம் இருக்கும். வெறும் பன் என்பது காய்ச்சல்காரன் சாப்பாடு. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் ரொட்டியும் நாலு பன்னும் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். நானே எத்தனையோ பேருக்கு வாங்கிப் போயிருக்கிறேன். இது அத்தனையும் தெரிந்தவன், இனிப்பில்லாத பன் எனக்குத்தான் என்று ஊர் முழுக்க வாயால் தண்டோரா போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஆறேழு மாசத்தில் ஊர் என்னிடம் மாறி நடக்க ஆரம்பித்தது. சந்துமுனை டீக்கடைக்காரர் நான் சொல்லாமலே சர்க்கரையைக் குறைத்துப் போட்டார். வீட்டுக்கார அம்மா வாரத்துக்கு இரண்டு நாள் பாகற்காய்ப் பொரியல் கொடுத்தனுப்பினார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி எனக்கென்றே பொறை ரொட்டி வரவழைத்து வைத்திருந்தார். மெட்ராஸில் டீக்கடை வாசலில் நாய்க்கு வாங்கிப் போடுவார்களே, அந்தப் பொறை. சாப்புடுங்க சார், இது ஒண்ணும் பண்ணாது என்றார். எனக்கு என்ன பண்ணப் போகிறது என்று அந்த மனுஷனைக் கேட்கத் தோன்றவில்லை. என் நாக்கின் தரம் இந்த ஜனங்களுக்கு இப்போதாவது புரிந்ததே, என்னால் நாலு பேர் திருந்தினார்களே என்று பூரித்துப்போனேன். அந்தச் சமயத்தில் என் தலையில் இருந்ததை மூளை என்று சொல்ல முடியாது.

இரண்டாயிரத்து ஏழில் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு வரன் வந்தது. விவசாயக் குடும்பம். பெண் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜியும் கேசரியும் வைத்தார்கள். பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கேசரியைத் தட்டோடு ஓரமாக நகர்த்தி வைத்தேன். பெரியவர்கள் பேச்சில் இருந்தார்கள். தட்டை எடுக்க வந்த பெண் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"வேணாம்னா வுட்டுடுங்க. எனக்கும் புடிக்காது. எங்கம்மா சக்கரைய அள்ளிக் கொட்டிடுவாங்க."

அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். இத்தனை நாள் ஒரு பன்னுக்கு அலைந்தேன், என் நாக்கு புரிந்த ஒரே ஆள் கேசரித் தட்டோடு எதிரே நிற்கிறாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று பஸ்ஸிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஜாதகமும் பொருந்தியது. சம்பந்தம் முடிவானதற்கு அடையாளமாக அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைக்கத் தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு முன்னால் பையனைப் பற்றி விசாரிக்க வேண்டுமே. பெண் பார்த்த அன்று கூட இருந்த அவள் தாய்மாமா ஒரு டி.வி.எஸ். ஐம்பதில் சிதம்பரம் வந்தார். எங்கள் பக்கத்தில் விசாரிக்கிறவர்கள் ஆபீஸுக்குப் போய்ச் சம்பளம் கேட்பதோடு நிற்க மாட்டார்கள். பையன் குடியிருக்கிற தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி, ஒரு வாழைப்பழமோ பாக்குப் பொட்டலமோ வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்பார்கள். அவரும் அப்படித்தான் கேட்டிருக்கிறார். கடைக்காரர்கள் அத்தனை பேரும் என்னைப் பற்றி நல்லவிதமாகவே சொல்லியிருக்கிறார்கள். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, தங்கமான பிள்ளை.

"பாவம், இந்த வயசுலயே சுகரு. அதான் ஒண்ணு."

டீக்கடையில் அதையே சொன்னார்கள். மேல வீதி பேக்கரியிலும் அதையே சொன்னார்கள். அண்ணாச்சி ஒரு படி மேலே போய், ரொம்ப ஜாஸ்தி போலிருக்கு, ஊர் ஊராய்ப் பன் தேடுகிறார் என்றிருக்கிறார். வீட்டுக்கார அம்மா பாகற்காய் கொடுக்கும் விவரத்தைச் சொன்னார்கள். தாய்மாமாவுக்கு அந்தக் கேசரித் தட்டு ஞாபகம் வந்திருக்கிறது. சாட்சி எல்லாம் கச்சிதம். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஜாதகத்தில் ஏதோ தோஷம் தெரிகிறது என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அத்தை மகன் ஒருத்தன், எனக்கு மச்சான் முறை, தரகரை மடக்கி உண்மையைக் கறந்துகொண்டு நேரே என் அறைக்கு வந்தான்.

"மச்சான், ஒனக்கு சுகர் இருக்குதாமே? எங்ககிட்டகூட சொல்லல?"

நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து என்னவென்று கேட்டார்கள். சிரித்து முடித்ததும் ஆத்திரம் வந்தது. அடப்பாவிகளா, நல்ல பன் சுடத் துப்பில்லாத ஊருக்கு வைத்தியம் பார்க்க மட்டும் தெரிகிறதா? அண்ணாச்சி கடைக்குப் போய் நாலு பேர் நடுவில் கத்தினேன். எனக்கு சுகர் இல்லை, உங்கள் பன்தான் குப்பை என்றேன். அவர் கோபப்படவில்லை. சுகர் ஏறினால் இப்படித்தான் கோபம் வரும் சார், போய்ப் படுங்கள் என்றார்.

மச்சானும் அம்மாவும் சொன்னது ஒரு சின்ன விஷயம். ஒரு லேபுக்குப் போய் ரத்தம் கொடு, காகிதத்தை வாங்கிக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்கு ஒரு எட்டுப் போய்ப் பெண்ணின் அப்பாவைப் பார்த்துவிட்டு வா. நான் ஆபீஸில் தினம் பத்துப் பேரின் மெடிக்கல் ரிப்போர்ட்டைப் புரட்டுகிறவன். ஒரு ரிப்போர்ட் குறைந்தாலும் ஃபைலைத் திருப்பி அனுப்புகிறவன். எனக்கு மட்டும் அது மானப் பிரச்சினையாகிவிட்டது. பெட்டிக்கடைப் பேச்சை நம்பிய குடும்பத்துக்கு நான் விரலைக் குத்திக் காட்ட வேண்டுமா, வேண்டுமானால் அவர்கள் வரட்டும் என்றேன். அம்மா அழுதார்கள். நான் அசையவில்லை. அவளை நினைக்காமலும் இல்லை. தினம் நினைத்தேன், நினைத்துக்கொண்டே அவள் வீட்டாரைத் திட்டினேன். இரண்டு மாசத்தில் அவளுக்கு வடலூர்ப் பக்கம் வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது என்று மச்சான் வந்து சொன்னான்.

அதற்குப் பிறகு வந்த வரன்களும் இதே வழியில் வந்து இதே வழியில் போயின. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. யார் கேட்டாலும் எனக்கு சுகர் இல்லை என்று சண்டைக்கே போனேன். சண்டை போடப் போட நோய் உறுதியானது. கடைசியில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கடலூருக்கே வந்துவிட்டேன்.

தானே புயல் அடித்த அடுத்த வருஷம். பேக்கரியின் பெயர்ப்பலகை காற்றில் போனது போனதுதான், பன் மட்டும் அப்படியே இருந்தது. நாலு மணிக்கு நான் போனபோது முன்னால் ஒருத்தி நின்று, இருக்கிற உப்பு பன்னை எல்லாம் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இல்லாமல் போய்விடுமே என்று வாயைத் திறந்தேன். திரும்பினாள். அவள்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கழுத்தில் தாலிக்கொடி. என்னை உடனே தெரிந்துகொண்டாள்.

அப்பாவுக்குத்தான் வாங்குகிறேன் என்றாள். நாலு வருஷமாக அவருக்கு சுகர், வேறு பன் ஆகாது, கடலூர் வரும்போதெல்லாம் வாங்கிப் போகிறேன் என்றாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சுகர் என்று சொல்லி என்னை வேண்டாம் என்ற மனுஷனுக்கு சுகர். எனக்கு இன்றுவரை ஒரு துளி கிடையாது. அதைச் சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் அவள் பேசினாள்.

"நான் அப்பவே சொன்னேங்க. சுகர் இருந்தா இருந்துட்டுப் போவுது, நான் பாத்துக்குறேன்னு. ஒரே அழுவ. அப்பாவும் எறங்கி வந்தாரு, மாப்ள நேர்ல வந்து ஒரு வார்த்த பேசட்டும், தரேன்னாரு. ஒரு மாசம் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்கதான் வரல."

பேக்கரிக்காரர் பன்னை எண்ணிக்கொண்டிருந்தார். நாலை எனக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு மிச்சத்தை அவள் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு என் முகத்தைக் கவலையோடு பார்த்தாள்.

"இப்ப எவ்ளோ இருக்குது சுகரு?"

"கன்ட்ரோல்ல இருக்குது" என்றேன்.