கிதார் பையில் ஒரு சொம்பு

கடற்காற்று தந்தியைத் தின்னும். காரைக்காலில் எலெக்ட்ரிக் கிதார் வைத்திருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும். வாசித்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் நாலே நாளில் தந்தி பழுப்பேறி விரலைக் கறுப்பாக்கிவிடும். எண்பதுகளின் தொடக்கம். எங்கள் மெல்லிசைக் குழு கல்யாணம், கோயில் திருவிழா என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட ஓயாமல் ஓடியது என் ஆசை. திருச்சிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த புது பிக்கப்பின் மேல் ஆசை.

பிக்கப், தந்திக்கு அடியிலிருந்து அதன் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காந்தம். என்னுடையது தந்தியை விட்டுவிட்டு வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தது. ம்ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். கோட்டுச்சேரி வயலோரத்தில் அடங்கிக் கிடக்கும். கடலோரம் போனால் வண்டாக எழும். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. நேரே திருச்சிக்குப் போய்விட்டேன்.

"பிக்கப்பை மாத்திடுங்க சார், கண்ணாடி மாதிரி பேசும்" என்றார் கடைக்காரர்.

மனம் பறந்தது, கையில் அவ்வளவு பணமில்லை. ஒரு செட் தந்தியும் தோளில் மாட்டும் வாரும் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் காவிரி கூடவே வந்தது. நான் பார்த்தது என்னவோ பிக்கப்பைத்தான்.

அடுத்த கச்சேரி ஒரு கடற்கரைக் குப்பத்தில். மாலை மைக் டெஸ்ட்டிலேயே வண்டு எழுந்தது. குழுவை நடத்திய ஆர்மோனியக்கார அண்ணன் வாசிப்பை நிறுத்தினார்.

"டேய், உள்ள என்ன தேன்கூடா கட்டியிருக்க? இன்னிக்கும் இப்படின்னா அடுத்ததுக்கு நாகப்பட்டினத்துலேர்ந்து ஆள் கூப்பிட்டுக்குவேன்."

"புது பிக்கப் போட்டா சரியாயிடும்ணே."

"அதுவரைக்கும் ஜனங்க காதைக் கழட்டி வச்சுக்கணுமா?"

குழுவில் என் இடம் போய்விட்டது என்றே நினைத்தேன். மேடைக்குப் பின்னால், பாடும் அக்கா தொண்டைக்கென்று கொண்டுவந்த வெந்நீர் ஆறிப்போயிருந்தது. பிளாஸ்க்கை மணலில் கவிழ்த்தார். மைக் செட்காரர் எர்த்துக்காக அடித்திருந்த இரும்புக் கம்பி அந்த இடத்தில்தான் நின்றது.

வண்டு சட்டென்று அடங்கியது. அலைச் சத்தம் கேட்டது.

"நான் ஒண்ணையும் தொடலீங்க!" என்றார் அக்கா, வெறும் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டி.

மைக் செட்காரர் தலையைச் சொறிந்தார். "காஞ்ச மணலு, எர்த்து புடிக்கல, அதான் இரைச்சல். வயலோரம்னா மண்ணே ஈரமா இருக்கும். தண்ணி ஊத்த மறந்துட்டேங்க. உப்புத் தண்ணின்னா இன்னும் நல்லாப் புடிக்கும்."

அண்ணன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓடுறா, கடல்லேர்ந்து ஒரு குடம் கொண்டா."

ஓடினேன். என் தந்தியைத் தின்ற அதே கடலை மொண்டு வந்து கம்பியின் காலில் ஊற்றினேன். அன்றைக்குக் கிதார் கண்ணாடி மாதிரி பேசியது.

பிக்கப்பை வாங்கவே இல்லை. திருச்சி போகும்போதெல்லாம் போய்ப் பார்ப்பதையும் விடவில்லை. கிதார் பையில் தந்தி, வார் இவற்றோடு ஒரு பித்தளைச் சொம்பும் சேர்ந்தது. எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் எர்த்துக் கம்பியைத் தேடிப் போவேன்.

"கச்சேரிக்கு வந்தியா, செடிக்குத் தண்ணி ஊத்த வந்தியா?" என்பார் அண்ணன்.

நாகப்பட்டினத்து ஆளை அவர் கூப்பிடவே இல்லை.