வாய் டல்லாஸ், மனசு நியூ ஜெர்சி

வாய்க்குள் ரெண்டு கருவியையும் ஒரு பஞ்சையும் திணித்துவிட்டு, "அப்புறம், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பது என்னைப் போன்ற பல் டாக்டர்களின் தொழில் வியாதி. டல்லாஸை ஒட்டியிருக்கும் எங்கள் பிளானோவில் செப்டம்பர் வந்துவிட்டால் கேள்வி மட்டும் மாறும்: இந்த வருஷம் டிவிஷன் எப்படி?

டிவிஷன் என்றால், அமெரிக்க ஃபுட்பாலில் ஒரே பிரிவில் மோதும் நாலு டீம். டல்லாஸ், பிலடெல்பியா, வாஷிங்டன், நியூயார்க். சம்பந்திகள் மாதிரி, பிடிக்கிறதோ இல்லையோ, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே ஆகவேண்டும். எங்கள் ஊர் மொத்தமும் டல்லாஸ். நானோ நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் குடியிருந்தபோதே நியூயார்க் டீமிடம் மனசைப் பறிகொடுத்தவள். பெயர்தான் நியூயார்க், ஆடுவதெல்லாம் நியூ ஜெர்சியில்.

இதை வெளியே சொல்ல முடியாது. எங்கள் கிளினிக்கின் சொந்தக்காரர் டாக்டர் கர்டிஸ் நாடி நரம்பெல்லாம் டல்லாஸ். அவர் வருஷக் கடைசியில் ரிட்டயர் ஆகப்போகிறார். கிளினிக்கை என்னிடம் கொடுப்பதா, ஊர் முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்குக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கோ அந்த கிளினிக் வேண்டும், ரொம்ப வேண்டும். இந்த நேரம் பார்த்து எங்கள் நியூயார்க் பசங்கள் முதல் ஆட்டத்திலிருந்தே ஜெயித்துத் தொலைக்கிறார்கள்! ஞாயிற்றுக்கிழமை சோபா மேல் குதித்துவிட்டு, திங்கட்கிழமை மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது என்ன பாடு தெரியுமா? வெளியூர் டீமை மனசில் ஒளித்துக்கொண்டு உள்ளூரில் பிழைப்பு நடத்தும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியும்.

தொப்பிக்காரர்

கூரை போடும் கான்ட்ராக்டர் டேல், சொத்தைப் பல்லோடு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டிவிஷனை அலச ஆரம்பித்தார். பிலடெல்பியாவுக்கு வயசாகிவிட்டதாம், வாஷிங்டனுக்கு அனுபவம் பத்தாதாம். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே ஊசியை ரெடி பண்ணினேன். அடுத்து நியூயார்க்குக்கு வந்தார். அதெல்லாம் ஒரு டீமா, குருட்டு அதிர்ஷ்டத்தில் ஓடுகிறது என்றார்.

"கொஞ்சம் பெரிசா திறங்க" என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை, நான் பேசவிடவில்லை. வேலை முடிந்ததும் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "டல்லாஸ் தோத்த மேட்ச்கூட இவ்வளவு நேரம் ஓடலை, டாக்டர்."

மாப்பிள்ளைக் கணக்கு

சரோஜா ஆன்ட்டி கோயம்புத்தூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவர். மாப்பிள்ளை டிவியை விட்டுக்கொடுக்காததால் வேறு வழியில்லாமல் ஃபுட்பால் பார்க்கத் தொடங்கி, இப்போது அவருக்கே பாடம் எடுக்கிறார். பல்லுக்கு அளவெடுக்கும்போது அவருடைய அலசலும் நடந்தது. பிலடெல்பியா பசங்க சண்டைக்காரங்க, ஆனா உழைப்பாளிங்க. வாஷிங்டன் நல்ல குடும்பத்துப் பசங்க, கடைசி நேரத்தில் பயந்துக்குவாங்க. நியூயார்க் பசங்களைப் பார்த்தா பாவமா இருக்கு, நல்லா இருக்கட்டும். எனக்கு அப்படியே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்கு அவருக்கு வேலை சட்டென்று முடிந்துவிட்டது.

டல்லாஸ் எப்படி ஆன்ட்டி என்று கேட்டேன். வெளியே டல்லாஸ் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "டல்லாஸும் எங்க மாப்பிள்ளையும் ஒண்ணுதான் கண்ணு. ஆடி மாசமே அலப்பறையை ஆரம்பிச்சிருவாங்க, தை மாசம் பார்த்தா சத்தத்தையே காணோம்."

பக்கத்து அறையில் பெரியவர்

முரளி சாஃப்ட்வேர் ஆள். பென்சில்வேனியாவிலிருந்து வந்தும் பிலடெல்பியா பக்தியை விடாதவர். நாற்காலியில் சாய்ந்ததுமே, உண்மையைச் சொல்லுங்க டாக்டர், நீங்க டல்லாஸ் இல்லதானே என்று உரக்கக் கேட்டுவிட்டார். பக்கத்து அறைக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே கர்டிஸ். பல்லுக்கெல்லாம் டீம் கிடையாது முரளி என்று சமாளித்தேன்.

மனுஷன் அதோடு விட்டாரா? யாரா இருந்தாலும் பரவாயில்லை, இந்த நியூயார்க்காரங்களா மட்டும் இருக்கக்கூடாது, நாலு மேட்ச் ஜெயிச்சதுக்கே என்னா ஆட்டம் ஆடறாங்க என்றார். "நல்லா பெரிசா திறங்க" என்றேன். போகும்போது வாசலில் நின்று மனைவிக்கு போன் பண்ணினார்: "ஒரு பல்லை அடைக்கத்தானே வந்தேன், தாடையையே கழட்டி மாட்டிட்டாங்க."

அந்தத் திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை டல்லாஸும் நியூயார்க்கும் மோதின. கடைசி நிமிஷத்தில் எங்கள் பசங்கள் ஜெயித்துவிட்டார்கள்! நான் போட்ட கூச்சலில் என் கணவர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். மறுநாள் கிளினிக் எழவு வீடு மாதிரி இருந்தது. நானும் அதற்கேற்ற முகத்தை மாட்டிக்கொண்டு போனேன். கர்டிஸ் கூப்பிட்டார்.

அவர் பேஷண்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பல்லை க்ளீன் பண்ணு என்றார். கருவியைக் கையில் எடுத்தவளை நிறுத்தி, "டல்லாஸைத் திட்டினா சிரிக்கிறே. பிலடெல்பியாவைத் திட்டினாலும் சிரிக்கிறே. நியூயார்க்கைத் திட்டினா மட்டும் பெரிசா திறக்கச் சொல்றே" என்றார்.

மாட்டிக்கொண்டேன். இந்த ஊரிலேயே கிளினிக் நடத்தப்போகிறவள் டீமை மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். அழுகையே வந்துவிட்டது. "கிளினிக் வேணும் டாக்டர், ஆசையா இருக்கு. ஆனா டீமை மாத்த முடியாது" என்றேன்.

ஊருக்குப் பயந்து டீமை மாற்றுகிற ஆளிடம் தன் பேஷண்டுகளை ஒப்படைக்க மாட்டேன், ஜனவரியிலிருந்து கிளினிக் உன்னுடையது என்றார் கர்டிஸ். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது, கையில் கருவி இருந்ததால் குதிக்கவில்லை. அவர் நிதானமாகச் சாய்ந்துகொண்டார். "நேத்து உங்க பசங்க ஜெயிச்சது சுத்த அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டு, தானாகவே வாயைப் பெரிசாகத் திறந்தார்.

இப்போது கிளினிக் என் பெயரில் இருக்கிறது, இந்த சீசனில் எங்கள் டீம் டிவிஷனில் கடைசியில் இருக்கிறது, என் டீம் எதுவென்று தெரிந்துகொண்ட பிளானோவே வரிசையாக வந்து துக்கம் விசாரித்துவிட்டு நான் சொல்லாமலே வாயைப் பெரிசாகத் திறக்கிறது.