காருக்கு வைத்த மழைத்தண்ணீர்

சித்தப்பாவின் வாடகைக் காருக்கு மழைத்தண்ணீர் மட்டும்தான் ஊற்றவேண்டும். பேகம்பூர்ப் பக்கம் எங்கள் கிணறெல்லாம் உப்பு. "ரேடியேட்டர் பித்தளை, இன்ஜின் இரும்பு, மேல்மூடி அலுமினியம். உப்புத்தண்ணி சேந்தா ஒண்ணையொண்ணு திங்கும்லே. மொதல்ல போறது அலுமினியம்" என்பார். கூரையிலிருந்து வடியும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து மூடிவைத்திருந்தார். அதில் ஒரு வாளி மோந்து, லேத் பட்டறையில் தண்ணீரோடு கரைத்து ஊற்றும் எண்ணெயைக் கொஞ்சம் கலந்தால் பாலாக வெளுக்கும். அந்த எண்ணெய்தான் அரிப்பைத் தடுக்கும். கலந்து ஊற்றுவது என் பொறுப்பு. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்தக் கோடையில் அம்மாவுக்குப் பருப்பு வேகவில்லை. உப்புத்தண்ணீரில் அது கல்லாகவே கிடந்தது. "ஒரு செம்பு மோந்துட்டு வா அப்பு. காரு என்ன, அம்புட்டையுமா குடிக்கப்போகுது?" என்றாள். அதுவே தினசரி வழக்கமாயிற்று. மட்டம் இறங்கினால் சித்தப்பா கேட்பாரென்று கிணற்றுத்தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். அடுத்த முறை எண்ணெய் கலந்தபோது, அது திரிந்த பாலைப்போல மேலே மிதந்தது. வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் காருக்கு ஊற்றினேன்.

மழை பிந்திய அந்த ஐப்பசியில், தலைப்பிரசவத்துக்காக ஆத்தூரில் தாய்வீட்டில் இருந்த சித்திக்கு வலி கண்டது. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சித்தப்பா காரை எடுத்தார். நானும் முன்சீட்டில் இருந்தேன். திரும்பும்போது பாதி வழியில் ஆவி சீறியது. இன்ஜின் திணறி நின்றது.

"நிப்பாட்டாதீக" என்று சித்தி முனகினாள்.

"செத்த பொறு தாயி, வண்டி பிடிச்சாரேன்" என்று சித்தப்பா வெயிலில் ஓடினார். சித்தி சீட்டின் விளிம்பைப் பற்றியிருந்தாள். மாட்டுவண்டி கிடைத்து ஆஸ்பத்திரி சேர்ந்தபோது சித்தியை மட்டுமே காப்பாற்ற முடிந்தது.

காரைக் கட்டியிழுத்து வந்து இன்ஜின் மேல்மூடியைக் கழற்றினார்கள். தண்ணீர்த் துளைகளைச் சுற்றி அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. சித்தப்பா பீப்பாய்த் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஏலே, இது மழைத்தண்ணிதானா?"

"ஆமா சித்தப்பா."

வெகுநேரம் என்னைப் பார்த்தார். அடுப்படியில் அம்மா நின்றிருந்தாள். அப்பா வந்து, எதனால் இப்படி ஆயிற்று என்று கேட்டபோது, "நாந்தாண்ணே கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். அப்பா அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசினார். சித்தப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

என் பொய்யை அவர் நம்பிவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். நிம்மதியாகத் தூங்கியும் போனேன்.