செல்லசாமியின் நகத்தளவு சில்லு

செல்லசாமி எனக்கு மூன்று லட்சம் ரூபாய் கடன்பட்டிருந்தான். வட்டியில்லாமல் கொடுத்தவன் நான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, தலவாக்கலையில் சொந்த லேத் பட்டறையும் மாடி வீடும் எழுப்பியவன். வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருவரும் வளர்ந்தது ஒரே லயத்து வரிசை வீடுகளில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில். அவன் கடன்காரனாக இருந்தவரை அவனைப் பற்றி நல்லதாகப் பேசுவதில் எனக்குக் கஷ்டமிருக்கவில்லை.

இளவயதிலேயே கொழும்புப் பக்கம் போனான். உலோகப் பொடியை மெழுகோடு பிசைந்து, அச்சில் அடித்து, மெழுகைப் போக்கி, உலையில் சுட்டுச் சாமான் செய்யும் பேக்டரியில் பல வருடம் இருந்தான். திரும்பி வந்து அதே தொழிலைச் சிறிதாகத் தொடங்கினான். உலை வாங்கத்தான் என் பணம். கொழுந்து வெட்டும் மெஷினுக்குள் சுழலும் நகத்தளவு பற்சக்கரத்தை, எங்கள் பேச்சில் பல்லுச் சில்லை, நான் நாளைக்குப் பத்து கடைவேன். அவன் உலை ஒரு சூட்டில் ஐந்நூறு தந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த மெஷினைத் தோட்டங்களுக்கு விற்கும் அலியார் நானா, செல்லசாமியிடம் சில்லு வாங்க நினைத்து, என்னிடம்தான் யோசனை கேட்டார்: சில்லின் அளவில் எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்கலாம்? செல்லசாமியின் மாதிரிகளில் மிக நேர்த்தியான ஐந்தைப் பொறுக்கி வைத்தேன்.

"எல்லா அளவும் இப்படியே இருக்கணும் நானா. முடியளவு பிசகினாலும் திருப்பி அனுப்புங்க. என் பட்டறையில அப்படித்தான்."

மாதிரிகளோடு வந்திருந்த செல்லசாமி அந்த ஐந்தையும் பார்த்துச் சிரித்தான்.

"கொழுந்து பொங்குற மாசத்துல எங்க தோட்டத்துக் காளியாயி அக்கா நாப்பது கிலோ எடுப்பாங்க நானா. தோட்டத்துத் தொரை அதையே எல்லாரும் நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோன்னு வச்சா?"

"மத்தவங்களுக்கெல்லாம் அரைப்பேரு, அரைச் சம்பளந்தான்," என்றார் அலியார்.

"அண்ணன் பொறுக்கி வச்சது அஞ்சும் காளியாயி அக்கா. சுடுறப்ப சாமான் சுருங்கும், சூட்டுக்குச் சூடு கொஞ்சம் மாறும். அஞ்சு சூட்டுல இருந்து முப்பது முப்பதா எடுத்து அளப்போம். தண்டுல மாட்டுற தொளைதான் உசுரு. அதோட ஏத்த எறக்கம் மெஷின் தாங்கும்னு நீங்க சொல்ற வித்தியாசத்துல பாதிக்குள்ள அடங்கணும். பல்லுக்கு முக்காவாசி. வெளி ஓரத்துக்குத் தாராளமா விடுங்க."

"தொளை அடங்காட்டி?" என்றேன் ஆசையோடு.

"ஆர்டர ஒங்க லேத்துக்கே குடுக்கட்டும்ண்ணே."

அலியார் கடையில் வைத்து அளந்தவன் நானே. என் கையைவிட நேரான கை தலவாக்கலையில் இல்லை. கடைசிச் சூட்டின் துளைகளை ஒருமுறைக்கு இருமுறை அளந்தேன். பொய் அளவு சொல்ல என் வாய்க்கு வரவில்லை. அதைச் சொன்னால் நான் என்ன மேஸ்திரி?

"அடங்குது," என்றேன்.

அலியார் அங்கேயே முன்பணம் கொடுத்தார். செல்லசாமி அதோடு நேரே என் பட்டறைக்கு வந்தான்.

"அவசரமில்லடா, வச்சுக்க," என்றேன். அவன் வைத்துக்கொள்ள வேண்டும் என்றே மனதார விரும்பினேன்.

"கைய நீட்டுங்கண்ணே."

எண்ணெய் படிந்த என் உள்ளங்கையில் ஐயாயிரம் ரூபாய்த் தாளாக எண்ணி வைத்தான். ஒன்றாவது குறையாதா என்று நானும் வாய்க்குள் எண்ணினேன். அறுபதும் இருந்தன.