எழிலின் இரண்டு விரல்கள்

பேசிக்கொண்டிருக்கும்போதே எழில் குனிந்துவிடுவாள். எதிரில் இருப்பவரின் பாதத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து, எங்கேயோ பார்த்தபடி அப்படியே இருப்பாள். வயதானவர்களாக இருந்தால் காலைத் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று உச்சி குளிர்ந்துபோய், "மகராசியா இரும்மா" என்று வாழ்த்திவிடுவார்கள். அவள் தேடுவது ஆசீர்வாதம் இல்லை, நாடி. கையில் ஓடுவதுபோல் காலிலும் நாடி ஓடுகிறது என்பதே எங்கள் வேங்கிக்கால் தெருவில் பாதிப் பேருக்கு அவள் சொல்லித்தான் தெரியும். எனக்கும்தான்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்; கீழ்பென்னாத்தூர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பம். டாக்டருக்குப் படித்து, மேல்படிப்பும் முடித்து, அதற்கும் மேலே ரத்தக்குழாய் நோய்களுக்கென்று சென்னையில் ஒரு ஃபெல்லோஷிப் பயிற்சியில் சேர்ந்தாள். இரண்டாயிரத்து இரண்டில் அப்படியொரு படிப்பு இருப்பதே இங்கே யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் செய்கிற டாக்டரா என்று அவள் அம்மா வேதாவைக் கேட்பார்கள். "இல்லீங்க, ஆபரேஷன் வராம பாத்துக்கிற டாக்டராம்" என்பார் வேதா. பாதி புரிந்தும் பாதி பெருமையிலும் சொல்வது அது.

லீவில் ஊருக்கு வரும்போது அவள் கைப்பையில் பவுடரோ சீப்போ இருக்காது. டார்ச் லைட் அளவில் ஒரு டாப்ளர் கருவி இருக்கும். தோலின் மேல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். படித்த பெண் வீட்டுக்கு வந்தும் ஊரார் காலைப் பிடித்துக்கொண்டு திரிகிறாளே என்று ஒருநாள் நான் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

"முதல் வாரமே எங்க சார் என்னை ஆபரேஷன் தியேட்டர்ல நிக்க வெச்சாருண்ணா. நம்மகிட்ட லேட்டா வந்தா என்னாவும்னு பாத்துக்கோன்னாரு. ஒரு பெரியவருக்குக் காலை எடுத்தாங்க. எடுத்ததை என் கையில குடுத்துட்டாங்க. தனியா வந்த காலு அவ்ளோ கனம்ணா. எங்க வெக்கிறதுன்னு தெரியாம புடிச்சிக்கினே நின்னேன்."

குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு நான் கிண்டல் செய்வதில்லை.

அடுத்த தை மாதம் அவளுக்கும் பள்ளி ஆசிரியர் மணிவேலுக்கும் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா சகாதேவன் அடி அண்ணாமலையில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். பௌர்ணமி தவறாமல் செருப்பில்லாமல் மலையைச் சுற்றுகிறவர். உடம்பில் சர்க்கரை உண்டு, அதை ஒரு பொருட்டாக மதிக்க மாட்டார். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்த கதையை அன்றைக்கும் மண்டபத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். "கொஞ்சங்கூட சுடலீங்க. எல்லாம் அண்ணாமலையாரு புண்ணியம்." கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எழில் மட்டும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு மாற்றுவதற்கு முன் மாமனார் காலில் விழச் சொன்னார்கள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு விரல்களும் அவருடைய இடது பாதத்தின் மேல் நின்றுவிட்டன. பிறகு யாரையும் கேட்காமல் பையிலிருந்து டாப்ளரை எடுத்தாள். தடவும் களிம்பைக் கொண்டுவரவில்லை போலிருக்கிறது, வரவேற்புத் தட்டிலிருந்த சந்தனத்தை எடுத்து அவர் பாதங்களில் குழைத்துப் பூசினாள். வலது பாதத்தில் உஸ், உஸ் என்று சீராகச் சத்தம் கேட்டது. இடது பாதத்தில் வைத்தாள். சத்தமில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தும் ஒன்றுமில்லை. அவர் கால்விரல்களைப் பிரித்தாள். சுண்டுவிரல் இடுக்கில் கரியாய்க் கறுத்த புண். அப்படியொன்று இருப்பது அந்த மனிதருக்கே தெரியாது. காலையிலிருந்து அந்தக் காலோடுதான் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றிருக்கிறார்.

"மாமா, இன்னிக்கே சென்னைக்குப் போவணும். இல்லன்னா காலு போயிடும்."

முதலில் வாயைத் திறந்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா தசரதன். நல்ல காரியத்தில் ஆஸ்பத்திரிப் பேச்சு எடுக்கிற பெண் நமக்கு வேண்டாம் என்றார். வேதா அழுதுகொண்டே மகளை எழுந்திருக்கச் சொன்னார். சகாதேவன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். எழில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சந்தனமும் புண்ணுமாக இருந்த அந்தக் காலைத் தூக்கிப் பட்டுப்புடவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா. வலியே இல்லாத காலுக்கு என்னா வைத்தியம்?"

"வலி தெரியாததுதான் மாமா வியாதியே. கல்யாணம் நின்னா நிக்கட்டும். வர்றேன்னு சொல்லுங்க, விடறேன்."

மணிவேல் வெளியே போய்க் காரைப் பிடித்துவந்தார். தட்டு மாற்றாமலேயே வண்டி சென்னைக்குக் கிளம்பியது. எழிலுக்குச் சொல்லிக்கொடுக்கும் டாக்டர்கள் அடைத்திருந்த குழாயைப் பலூன் விட்டுத் திறந்தார்கள். இரண்டு விரல்கள் போயின, கால் நின்றது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சியிருக்காதாம். இதைக் கேட்ட அன்று நான் என் காலையே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மணமக்கள் கும்பிட வந்தபோது சகாதேவன் செருப்பைக் கழற்றிவிட்டு இடது காலைத் தானே முன்னால் நீட்டினார். எழிலின் இரண்டு விரல்களும் அதன் மேல் போய் உட்கார்ந்தன. கை நிறைய அட்சதையை எடுத்தவர், போடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தலையசைத்த பிறகுதான் போட்டார்.