தூங்குகிறவர்களின் வண்டி

எங்கள் பக்கத்தில் பேருந்துகள் மூன்று வகை. தூங்குகிறவர்களின் வண்டி, பவுடர் போட்டவர்களின் வண்டி, அரசாங்க வண்டி. மூன்றாவதை நம்பி யாரும் செருப்பு மாட்டுவதில்லை.

முதல் இரண்டும் கம்பெனி வண்டிகள். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடந்த ஊரில் படித்த எங்களுக்கு, கை காட்டினால் நிற்பவை அவைதான். ஆனால் எதற்குக் கை காட்டுவது என்பதில் ஒரு சாஸ்திரம் உண்டு. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாய் திறந்து தூங்குகிறார்களா? நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள். ஏறலாம். வழியெல்லாம் ஆளை இறக்கிக்கொண்டே போகும் வண்டி அது. தலை வாரி, பவுடர் அப்பி, கழுத்தில் அட்டை தொங்க நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்களா? வேலைக்குப் போகிறார்கள். ஏறக் கூடாது. அது கம்பெனி கேட்டுக்குள் போய்த்தான் மூச்சு விடும். இதை எங்களுக்கு முந்தைய செட் அக்காக்கள் சொல்லிக் கொடுத்தார்கள். இயற்பியல் விதிகள்கூடப் பரீட்சைக்குப் பரீட்சை எங்களைக் கைவிட்டிருக்கின்றன. இந்த விதி கைவிட்டதில்லை, ஒரே ஒரு காலையைத் தவிர.

அந்தக் காலையைப் பேசத்தான் போன மாதம் கெலவரப்பள்ளி அணையில் கூடினோமோ என்று தோன்றுகிறது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பிளஸ் டூ முடித்த செட். நாற்பதை எட்டிப் பார்க்கிற தொப்பைகள், மை பூசிய தலைகள், அம்மாவை யாரோ ‘வாடி போடி’ என்பதைக் கண் விரித்துப் பார்க்கிற பிள்ளைகள். தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. நாங்களும்தான். தமிழில் படித்து, தெலுங்கில் சண்டை போட்டு, கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டு வளர்ந்த வகுப்பு அது. ஒரு வாக்கியம் ஒருத்தி வாயில் தொடங்கி இன்னொருத்தி மொழியில் முடியும். புளிச்சாதப் பொட்டலம் பிரிப்பதற்குள் ஒரு குரல்: “ஏய், கோகோ கதைய எடுங்கடி! கேப்டன் வர்றதுக்குள்ள ஒருதரம், வந்தப்புறம் ஒருதரம்.”

கேப்டன் இன்னும் வரவில்லை. கதையை நான் எடுத்தேன்.

எங்கள் பள்ளிக் கோகோ அணிக் கேப்டனின் குடும்பம் கோவில்பட்டிப் பக்கம். அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். அவள் வந்து சேர்ந்தபோது வகுப்பே அவளுடைய ‘ஏட்டி’க்குச் சிரித்தது. அந்த வருடக் கடைசியில் வகுப்பே ‘ஏட்டி’ போட்டுக்கொண்டிருந்தது. ஓடினால் அவள் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். ஆனால் பரீட்சை முடிந்ததும் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனிக்கு அவளை அனுப்புவதென்று அப்பா காண்ட்ராக்டரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் பி.டி. மாஸ்டர் அவர் வீட்டுக்கே போய் நின்றார். மாவட்ட ஃபைனல் ஜெயித்தால் மாநில அளவில் ஆடலாம், ஆடினால் சேலத்தில் ஒரு கல்லூரியில் விளையாட்டு இடம், ஹாஸ்டலும் உண்டு என்றார்.

அப்பா சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே சொன்னாராம்: “செயிச்சிட்டு வரட்டும் சார், அனுப்புதேன். தோத்துட்டான்னா மறுவாரமே கம்பெனி வண்டிதான். பெறவு எங்கிட்ட வந்து நிக்கப்படாது.”

ஆக அது எங்கள் பதினொரு பேருக்கு ஆட்டம். அவளுக்கு மட்டும் வேறு.

மாஸ்டர் எங்கிருந்தோ நீல நிற டி-சர்ட்டுகள் வாங்கி வந்தார். ஏதோ கம்பெனியில் டிரெய்னிங் வருகிறவர்களுக்கு அடித்ததில் மிச்சமாம். முதுகில் குத்த வேண்டிய எண்களைத் துணியில் வெட்டிப் பையில் வைத்திருந்தோம். மைதானத்தில் போய்க் குத்திக்கொள்ளலாம் என்று.

ஃபைனல் அன்று எல்லையில் ஏதோ பந்த். அரசாங்க வண்டிகள் ஓசூரைத் தாண்டவில்லை. மாஸ்டர் முன்னாலேயே பைக்கில் கிருஷ்ணகிரி போய்விட்டிருந்தார். சாலையோரத்தில் நீலமாக நின்றோம். கேப்டன் மட்டும் நிற்கவில்லை. மைல்கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது.

அப்போது வந்தது ஒரு கம்பெனி வண்டி. கேப்டன் எம்பி ஜன்னலைப் பார்த்தாள்.

“தூங்குதாங்கட்டி! எல்லாரும் தூங்குதாங்க! ஏறுங்க!”

டிரைவர் எங்கள் சட்டைகளைப் பார்த்தார். கேள்வியே இல்லை. “சீக்கிரம் ஏறுங்கம்மா, லேட்டாவுது” என்றார். விளையாட்டு வீராங்கனைகளுக்கு இருக்கிற மரியாதையைப் பார் என்று பூரித்துப் போனோம்.

உள்ளே தூக்கம் ஒரு வெயில் போலப் பரவிக் கிடந்தது. அவரவர் கிடைத்த சீட்டில் சொருகிக்கொண்டோம். கேப்டனுக்கு மெலிந்த ஓர் அக்காவின் பக்கத்தில் இடம். தூக்கம் தொற்றுநோய் என்பதை நான் அன்று கற்றேன். வலப்பக்கம் மாந்தோப்புகள் ஓடின, என்ஜின் ஒரே சுருதியில் ரீங்கரித்தது, நாலு பேரின் குறட்டை அதற்குத் தாளம் போட்டது. யாராவது ஒருத்தி விழித்திருப்பாள் என்று பன்னிரண்டு பேரும் நம்பினோம். நம்பியபடியே தூங்கினோம். வண்டி கிருஷ்ணகிரிக்குள் நுழையாமல் பைபாஸில் வழுக்கிப் போனது யாருக்கும் தெரியவில்லை.

என்னை எழுப்பியது சத்தம் அல்ல, சத்தம் நின்றதுதான். என்ஜின் அணைந்திருந்தது. “எறங்குங்க, எறங்குங்க, டிரெய்னீஸ் எல்லாம் லைன்ல நில்லுங்க!” காக்கிச் சட்டை, கெட்டி மீசை, செக்யூரிட்டி. பாதித் தூக்கத்தில் மனிதர்கள் எதற்கும் கீழ்ப்படிகிறார்கள். இறங்கினோம், வரிசையில் நின்றோம். ஆளுக்கொரு வெள்ளைத் தொப்பி கையில் வந்தது. “முடிய உள்ள தள்ளும்மா” என்றார். தள்ளினேன். தள்ளிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு தகரக் கூரை. போச்சம்பள்ளி.

“எந்தக் காண்ட்ராக்டுல வந்தீங்க?”

எங்கள் அணியிலேயே குட்டையானவள், தெலுங்கு வீட்டுப் பெண், வாய்க்குப் பேர் போனவள், முன்னால் போனாள். “சார், நாங்க கோகோ.”

மீசை யோசித்தது. “அப்படி ஒரு காண்ட்ராக்டு நம்மகிட்ட இல்லையே?”

சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாது. வரிசை முழுக்க ஓடியது. தொப்பியோடு தொப்பி முட்டிச் சிரித்தோம். கேப்டன் மட்டும் சிரிக்காமல் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள்: “ஏட்டி, அப்பா அனுப்புததுக்கு முந்தியே நானே வந்து சேந்துட்டேன் பாத்தியா.”

அதோடு எங்கள் சிரிப்பு நின்றது.

அவளுக்குத் தோள் கொடுத்த அக்கா டிபன் பையோடு இறங்கி வந்தாள். விஷயம் அவளிடமிருந்துதான் தெரிந்தது. ராத்திரி ஓசூர் யூனிட்டில் வேலை, பகலில் இங்கே ஓவர்டைம். நடுவில் இந்த வண்டிதான் படுக்கை. தூங்குகிறவர்களும் வேலைக்குப் போவார்கள் என்று எங்கள் சாஸ்திரத்தில் எழுதப்படவே இல்லை.

“ஏன்க்கா எங்கள எழுப்பல?” என்றாள் கேப்டன்.

“நீலச் சட்டையப் பாத்து வேலைக்குப் புதுசா வந்த புள்ளைன்னு நெனச்சன். தோள்ல சாஞ்சி அப்பிடித் தூங்குன. இன்னிக்கி ஒருநாளாச்சும் தூங்கட்டும்னு வுட்டுட்டன்.”

கேப்டன் தொப்பியைக் கழற்றினாள். எல்லாவற்றையும் சொன்னாள்: ஃபைனல், அப்பா, சேலம். அக்கா கேட்டுக்கொண்டே டிபன் பையை என் கையில் திணித்துவிட்டு மீசையிடம் போனாள்.

“அண்ணா, இதுங்க ஸ்கூல் புள்ளைங்க. ஆட்டத்துக்குப் போவணுமாம். அனுப்பி வுடு.”

“ஷிப்ட் முடியாம வண்டி வெளிய போவாதும்மா. ரூல்ஸு.”

“வண்டி போவாதுன்னா அது என்னாத்துக்குப் போவுது?” அவள் கை நீட்டிய இடத்தில் கேன்டீன் வேன். காலைச் சாப்பாட்டை இறக்கிவிட்டுக் காலி அண்டாக்களோடு கிருஷ்ணகிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

“அது கேன்டீன் வண்டி. அதுல ஆளுங்க ஏறக்கூடாது.”

“இதுங்க உன் கணக்குல ஆளே இல்லையே. அண்டாவோட அண்டாவா போவட்டும்!”

குட்டையானவள் இப்போது தெலுங்குக்கு மாறியிருந்தாள். அண்ணா, அண்ணா என்று மூச்சு விடாமல் அவள் கொஞ்சியதில் மீசையின் ஓரம் லேசாக ஆடியது. அவருக்கும் அதுதான் வீட்டு மொழி. “சரி சரி, தொப்பியெல்லாம் குடுத்துட்டுப் போங்க” என்றார். போகிற போக்கில், “ஜெயிக்காம இந்தப் பக்கம் வராதீங்க!” என்றும் கத்தினார். வேன் திரும்பியபோது அக்கா கேட்டுக்குள்ளே நடந்துகொண்டிருந்தாள். டிபன் பையின் நினைவு வந்து நான் அதை வீசினேன். திரும்பிப் பார்க்காமலே பிடித்தாள் என்று இன்றுவரை சத்தியம் செய்வேன்.

வேனில் நின்றோம், உட்கார்ந்தோம், சாய்ந்தோம். கேப்டன் ஓர் அண்டாவுக்குள்ளேயே கால் மடக்கி உட்கார்ந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மிச்ச சாம்பார் ஒரு துளி யார்மேலாவது தெறித்தது. மூன்று மொழியிலும் பாடினோம். அண்டாக்களைத் தட்டிய கை அடுத்த நாளும் வலித்தது.

மைதானத்தில் மாஸ்டரின் முகம் பொரிக்காத அப்பளம் மாதிரி இருந்தது. “எங்கடி போய்த் தொலைஞ்சீங்க?”

“வேலைக்குப் போய்ட்டு வர்றோம் சார்” என்றாள் குட்டையானவள்.

நேரம் தாண்டிவிட்டிருந்தது. நாகரசம்பட்டிப் பக்கத்து அணிக்கு வாக்கோவர் கொடுத்திருக்கலாம். அவர்கள் கேப்டன்தான் மறுத்துவிட்டாளாம். “ஆடாம ஜெயிச்சிட்டு ஊருக்குள்ள எப்பிடி சார் நடக்கறது? வரட்டும்.” எங்கள் பக்கத்தில் வந்து நின்றதும் அவள் மூக்கைச் சுருக்கினாள். “என்னாடி, சாம்பாரா?”

“காலச் சாப்பாடு. மத்தியானம் வரைக்கும் தாங்கும்” என்றாள் எங்கள் கேப்டன்.

ஆட்டத்தைச் சொல்ல எனக்கு இன்னும் உரைநடை போதவில்லை. அவர்கள் காலையிலிருந்து வெயிலில் ஓடிப் பார்த்துக் களைத்திருந்தார்கள். நாங்களோ வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாகத் தூங்கியிருக்கவில்லை. எங்கள் முறையில் முதுகைத் தட்டி ‘கோ’ என்று கத்தும் ஒவ்வொரு குரலும் சுண்டிவிட்ட கோலிக்குண்டு மாதிரி பறந்தது. கடைசி நிமிடம். சமன். இன்னும் ஓர் ஆள் அவுட் ஆக வேண்டும். கேப்டன் கம்பத்தை ஒரு கையால் பிடித்துச் சுழன்று, உடம்பை முழுசாகக் காற்றில் எறிந்து, நீட்டிய விரல் நுனியால் அந்தப் பெண்ணின் பாவாடை ஓரத்தைத் தொட்டாள். மண் பறந்தது. விசில்.

நாங்கள் அவள்மேல் விழுந்தோம். அவள் எங்களை உதறிக்கொண்டு எழுந்து தேடினாள். வேப்பமரத்தடியில் அவளுடைய அப்பா. நைட் ஷிப்ட் முடித்த கையோடு மொபெட்டில் நேராக வந்திருக்கிறார். மரத்தில் சாய்ந்து, வாய் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். முழு ஆட்டத்தையும் தூங்கியே கழித்திருந்தார். மாஸ்டர் எழுப்பப் போனார்.

“வேண்டாம் சார்” என்றாள் கேப்டன். “எழுப்பாதீக.”

அவர் பக்கத்தில் மண்ணோடு உட்கார்ந்தாள். நாங்களும் சுற்றி உட்கார்ந்தோம். ஜெயித்த அணி அவ்வளவு சத்தமில்லாமல் உட்கார்ந்ததை அந்த மைதானம் பார்த்திருக்காது. அவர் தானாக விழித்தபோது, எதிரே பன்னிரண்டு நீலச் சட்டைகள்.

“யாரு செயிச்சா?”

“நாங்கதாம்ப்பா.”

அவர் மோந்து பார்த்தார். “என்னட்டி, சாம்பார் வாட அடிக்கி?”

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவள் சேலம் போனாள்.

கதை இந்த இடத்துக்கு வந்தபோது, எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பாதிக் கதையைக் கேட்டிருந்த கேப்டனே முன்னால் வந்து நின்றாள். தர்மபுரிப் பக்கம் அரசுப் பள்ளியில் இப்போது அவளே பி.டி. டீச்சர். வந்ததும் வராததுமாக, “டிபன் பையத் திரும்பிப் பாக்காம பிடிச்சாளாம்! அது கீழ விழுந்துச்சுட்டி, நான் பாத்தேன்” என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தெலுங்கில் சண்டை நடந்தது.

சாயங்காலம் சாலை வரை நடந்தோம், பேச்சு முடியாததால். அப்போது ஒரு கம்பெனி வண்டி வந்தது. ஜன்னல் முழுக்கச் சாய்ந்த தலைகள். யார் முதலில் என்று தெரியாது, வகுப்பு மொத்தமும் கையைக் காட்டியது. வண்டி நின்றேவிட்டது.

கேப்டன் ஜன்னலைப் பார்க்கவில்லை. நேராக டிரைவரிடம் போனாள்.

“அண்ணே, வீட்டுக்கா, வேலைக்கா?”

“வீட்டுக்குத்தாம்மா.”

“ஏறுங்கட்டி!”

ஏறினோம். தூங்குகிறவர்களை எழுப்பாமல், செருப்புச் சத்தம்கூட வராமல், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு. வண்டி ஓசூருக்குள் நுழைந்த பிறகுதான் ஒருத்திக்கு நினைவு வந்தது, எங்கள் கார்களெல்லாம் அணைக்கட்டிலேயே நிற்கின்றன என்று.